பேச்சுக் குமிழியின் வால்

இது ஏழாவது தடவை
நீர்க்காகத்தின் அப்பாவை நாங்கள் கொல்வது.

முதல் தடவை விலை பத்து சென்ட்.
மட்டக் காகிதம், நாலே நிறம்,
ஈரி ஏரிப் படகுத்துறையில் ஒரு டிக்கெட் குமாஸ்தா,
கல்லாப்பெட்டி, துப்பாக்கி,
தண்ணீரில் விழும் ஒன்பது வயதுப் பையன்.
ஆறு கட்டம்.
ஏழாவதில் அவன் ஆளாகி, கறுப்பு அங்கி மாட்டி,
சிறகு உலர்த்தும் பறவை மாதிரிக்
கை விரித்து நின்றுவிட்டான்.

பிறகு வந்தவர்களுக்கு ஆறு கட்டம் போதவில்லை.
ஒருவர் அம்மாவுக்குப் பெயர் வைத்தார்.
இன்னொருவர் அந்தப் பெயரை மாற்றி, அவளைக் குடிக்க வைத்தார்.
ஏரியில் ரசாயனம் கலந்தார்கள்.
திருடனுக்குப் பின்னால் ஒரு நகரசபை உறுப்பினர்,
அவருக்கும் பின்னால் மோதிரம் போட்ட ஒரு ரகசியச் சங்கம்.
எல்லாவற்றிலும் மழை கொட்டுகிறது.
முதல் கதையில் மழையே கிடையாது.

நான் படம் போடுகிறவள் அல்ல.
குமிழி ஊதி அதற்குள் எழுத்தை உட்கார வைப்பது என் பிழைப்பு.
இவர்களுடைய தலையெழுத்தை எவரோ தட்டச்சு செய்து அனுப்ப
நான் இடம் பார்த்து வைக்கிறேன், அவ்வளவுதான்.
துப்பாக்கிச் சத்தமும் என் கணக்கில் வரும்.
முதலில் அது வெறும் 'டப்'.
போன தடவை இரண்டு பக்கத்தை அடைத்துக்கொண்டு 'டமாஆஆர்'.
இந்தத் தடவை சத்தமே வேண்டாம் என்கிறார் லெலண்ட்.
மௌனம்தான் முதிர்ச்சியாம்.

ஆனால் அப்பா பேச வேண்டும்.
பதினெட்டு வரி பேச வேண்டும்,
கடமை பற்றி, ஏரி பற்றி, தன் அப்பா பற்றி.
கடைசியில், பழையதுக்கு மரியாதையாக,
அந்த ஒற்றைச் சொல்: 'ஓடு!'
நெஞ்சில் குண்டு வாங்கினவனுக்கு இவ்வளவு மூச்சு ஏது
என்று எழுதினேன். அனுப்பாமல் அழித்தேன்.

பிப்ரவரி.
ப்ராட்வே அவென்யூவில் உப்பு லாரி ஊர்கிறது.
ரேடியேட்டர் இருமுகிறது.
வியாழக்கிழமை அச்சகம்.
பழைய பக்கத்தின் ஸ்கேனைத் திறந்தேன்,
குமிழி அளவு பார்க்க, வேறெதற்கும் இல்லை.

மென்டல் ரோசோஃப் கையால் எழுதியது.
ஓர் இடத்தில் ஈர மை இழுபட்டிருக்கிறது,
சட்டைக் கை பட்டிருக்கும்.
'ஓடு!'
குமிழியின் வால் கீழே இறங்குகிறது,
அப்பாவின் வாயைத் தொடவில்லை.
பெரிதாக்கினேன்.
நிறம் புள்ளி புள்ளியாக உடையும்வரை பெரிதாக்கினேன்.
வால் திருடனிடம் போகிறது.
தொப்பி நிழலில்
பாதி திறந்த வாய்.

அப்பா சொன்னார் என்று நம்பி
அந்தச் சொல்லின் மேல் ஐந்து மாடி கட்டிவிட்டார்கள்.
சொன்னது சுட்டவன்.
சுட்டுவிட்டு, திரும்பி,
அங்கே ஒரு பையன் நிற்பதைப் பார்த்துவிட்டு.

பிழையாகவும் இருக்கலாம்.
தூக்கம், அவசரம், பக்கத்துக்கு இவ்வளவு என்ற கூலி,
கை வழுக்கியிருக்கலாம்.
ரோசோஃப் யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை.
யாரும் கேட்டதாகவும்.

பதினேழு வரியை மூன்று குமிழியில் அடைத்தேன்.
எல்லாம் அப்பாவுக்கே, வாயை நெருக்கி.
பதினெட்டாவதைத் தனியாக எடுத்துச்
சுற்றிலும் நிறைய வெள்ளை விட்டு
வாலை இரண்டு மில்லிமீட்டர் இடப்பக்கம் திருப்பினேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு டெல்மாரின் செய்தி:
'மிலா, பக்கம் ஒன்பது, வால் சரிதானா?'
'அசலைப் பார்த்து வைத்தது.'
வெகுநேரம் மூன்று புள்ளிகள் துடித்தன.
பிறகு: 'சரி.'

அடுத்த கட்டத்தில் பையன்
வழக்கம்போல் ஓடவில்லை.
அவனுக்குக் கீழே தண்ணீர்
வரைந்து முடித்து
நிறத்துக்குக் காத்திருந்தது.